ட்ரிகர் ஊசியை மாற்றினால் கரு தங்குமா? தொடர் தோல்விக்குப் பிறகு தம்பதியர் கேட்க வேண்டிய கேள்விகள்

"இந்தத் தடவை ட்ரிகர் ஊசியை மாத்திப் பாக்கலாம்."

மூன்று, நான்கு முறை சிகிச்சை எடுத்தும் பலன் இல்லாமல், கருத்தரிப்பு மையத்தின் நாற்காலியில் மறுபடியும் வந்து உட்காரும் தம்பதியர் பலர் கேட்டிருக்கும் வாக்கியம் இது. சிலருக்கு இதை டாக்டர் சொல்கிறார். சிலர் யூடியூபிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் பார்த்துவிட்டு, "டாக்டர், அந்த ரெண்டு ஊசி சேத்துப் போடறது எனக்குச் சரிவருமா?" என்று தாங்களே கேட்கிறார்கள்.

அந்த ஒரு ஊசிக்குப் பின்னால் நிறைய இருக்கிறது. அடகுக்குப் போன நகை, அலுவலகத்தில் காரணம் சொல்ல முடியாமல் எடுத்த லீவு, கல்யாண வீடுகளில் "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்கும் குரல்கள். இத்தனைக்கும் நடுவே 'புது ஊசி' என்ற சொல் புது நம்பிக்கையாகவே காதில் விழும்.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் நியாயமானது? சுருக்கமான பதில்: சிலருக்கு ட்ரிகரை மாற்றுவது உண்மையிலேயே பலன் தரும். பலருக்கு எந்த வித்தியாசமும் ஏற்படாது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதை ஓரளவு சொல்லக்கூடியது, உங்களுடைய முந்தைய சிகிச்சையின் குறிப்புத்தாள். பெரும்பாலான தம்பதியரின் கையில் இல்லாததும் அந்தத் தாள்தான்.

முதலில், ட்ரிகர் ஊசி என்ன செய்கிறது?

நம்மூரில் இதற்கு 'முட்டை வெடிக்கிற ஊசி' என்று பெயர். பெயர் பாதிதான் சரி.

மாதவிடாய் தொடங்கியதும் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனை அனுப்புகிறது. அதன் தூண்டுதலால் சினைப்பையில் ஃபாலிக்கிள் எனப்படும் சின்ன நீர்ப்பைகள் வளர்கின்றன. கருமுட்டை இருப்பது இதற்குள்தான். இயல்பான மாதத்தில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு சுமார் 20 மி.மீ. வரை பெரிதாகும். அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போகும்போது, பிட்யூட்டரி எல்.ஹெச். என்ற இன்னொரு ஹார்மோனை ஒரே மூச்சில் கொட்டுகிறது. இதை எல்.ஹெச். எழுச்சி என்கிறார்கள். எழுச்சி தொடங்கிய சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியே வருகிறது.

வெளியே வருவது கடைசிக் கட்டம்தான். அதற்கு முன்பே உள்ளே பெரிய வேலை ஒன்று நடந்துவிடுகிறது. ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் இருந்த காலத்திலேயே பாதியில் நின்றுபோன செல் பிரிவு, அந்த முட்டையில் இப்போதுதான் மறுபடி தொடங்குகிறது. 46 ஆக இருக்கும் குரோமோசோம்கள் பாதியாகி, விந்தணுவோடு சேரத் தயாராகின்றன. இதற்குத்தான் முதிர்ச்சி என்று பெயர். முதிராத முட்டையை எடுத்து ஆய்வகத்தில் வைத்தால், விந்தணுவை உள்ளேயே செலுத்தினாலும் இயல்பான கரு உருவாகாது.

ஆக, ட்ரிகர் ஊசிக்கு இரண்டு வேலை. ஒன்று, முட்டையை முதிர வைப்பது. இன்னொன்று, அது வெளியேறும் நேரத்தைக் கணித்துக் கொடுப்பது.

1978-ல் பிறந்த உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தை லூயிஸ் பிரவுனுக்கு ட்ரிகர் ஊசியே தேவைப்படவில்லை. அவருடைய தாயின் உடலில் தானாக நடந்த எல்.ஹெச். எழுச்சியை சிறுநீர்ப் பரிசோதனையில் கண்டுபிடித்து, அந்த ஒரே முட்டையைச் சரியான நேரத்தில் எடுத்தார்கள். இன்று ஐ.வி.எஃப். சிகிச்சையில் பத்து, பதினைந்து முட்டைகள் வரை வளர்க்கிறார்கள். அவை நேரத்துக்கு முன்பே வெளியேறிவிடாமல் இருக்க, உடலின் சொந்த எழுச்சியை மருந்து கொடுத்துத் தடுக்கிறார்கள். தடுத்ததற்குப் பதிலாகச் செயற்கையாக ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் அல்லவா? அதுதான் ட்ரிகர்.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

முதல் வகை, ஹெச்.சி.ஜி. ஊசி. பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பது. கர்ப்பிணிகளின் உடலில் சுரக்கும் ஹார்மோன் இது. எல்.ஹெச். போய் உட்காரும் அதே ஏற்பியில் இதுவும் உட்காருவதால், அதே வேலையைச் செய்கிறது. கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த வகை 5,000 அல்லது 10,000 யூனிட் அளவில் போடப்படுகிறது. ஆய்வகத்தில் மரபணு முறையில் தயாரிக்கும் வகை 250 மைக்ரோகிராம் அளவில் ரெடிமேட் சிரிஞ்சில் வருகிறது.

எல்.ஹெச். ரத்தத்தில் ஒரு மணி நேரம் அளவிலேயே பாதியாகக் குறைந்துவிடும். ஹெச்.சி.ஜி. பாதியாகக் குறைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதனால் இதன் தாக்கம் பல நாள் நீடிக்கிறது. இதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. கருப்பையின் உள்சுவருக்குத் தேவையான புரோஜெஸ்டிரோன் சுரப்பு தொடர்வது நன்மை. ஏராளமான ஃபாலிக்கிள்கள் உள்ள பெண்ணுக்கு சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படுவது ஆபத்து. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஊசி போட்ட பத்து நாளுக்குள் வீட்டில் கர்ப்பப் பரிசோதனை செய்தால், ஊசியின் மிச்சமே இரண்டு கோடு காட்டிவிடலாம். அந்தக் கோட்டை நம்பி, பிறகு நொறுங்கிப்போனவர்கள் ஏராளம்.

இரண்டாவது வகை, ஜி.என்.ஆர்.ஹெச். அகோனிஸ்ட். லியூப்ரோலைடு, டிரிப்டோரெலின் போன்ற மருந்துகள் இதில் வரும். இவை சினைப்பையிடம் நேரடியாகப் பேசுவதில்லை. பிட்யூட்டரியைத் தட்டி எழுப்பி, உடலின் சொந்த எல்.ஹெச்.சை வெளியே கொண்டுவருகின்றன. கூடவே எஃப்.எஸ்.ஹெச்.சும் வரும். இயற்கை எழுச்சி சுமார் 48 மணி நேரம் நீடிக்கும். இது 24 முதல் 36 மணி நேரத்தில் அடங்கிவிடும். சீக்கிரம் அடங்குவதால் சினைப்பை வீங்கும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

ஆனால், இது எல்லாருக்கும் வேலை செய்யாது. இதே மருந்தைத் தினமும் கொடுத்து பிட்யூட்டரியை அடக்கி வைக்கும் 'லாங் புரோட்டோகால்' முறையில், கடைசியில் இதையே ட்ரிகராகப் போட்டால் பயன் இல்லை. ஏற்கெனவே தூங்க வைக்கப்பட்ட சுரப்பி எழுந்திருக்காது. மூளைப் பகுதியிலிருந்தே ஹார்மோன் சரியாகச் சுரக்காத பெண்களுக்கும் இது பலன் தராது.

மூன்றாவது, இரண்டையும் சேர்ப்பது. அகோனிஸ்ட்டும் ஹெச்.சி.ஜி.யும் ஒரே நேரத்தில் போட்டால் டூயல் ட்ரிகர். முட்டை எடுப்பதற்குச் சுமார் 40 மணி நேரம் முன்பு அகோனிஸ்ட்டும், 34 மணி நேரம் முன்பு ஹெச்.சி.ஜி.யும் எனப் பிரித்துப் போட்டால் டபுள் ட்ரிகர். இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் நேரக் கணக்கு மாறும்.

நான்காவதாக, கிஸ்பெப்டின் என்ற ஹார்மோன். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் இதை ட்ரிகராகப் பயன்படுத்தி, 53 பெண்களிடம் நடத்திய ஆய்வை 2014-ல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு, சினைப்பை வீக்க ஆபத்து அதிகம் உள்ள 60 பெண்களிடம் நடத்திய ஆய்வும் வெளியானது. நம்பிக்கை தரும் முடிவுகள்தான் என்றாலும், இது இன்னும் ஆய்வுக் கட்டத்து மருந்து. அன்றாட சிகிச்சைக்கு வந்ததாக யாராவது விளம்பரம் செய்தால் சந்தேகப்படலாம்.

எது சிறந்தது?

இந்தக் கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. ஆனால், நல்ல ஆதாரம் உள்ள சில விஷயங்கள் இருக்கின்றன.

ஹெச்.சி.ஜி.யையும் அகோனிஸ்ட்டையும் ஒப்பிட்ட 17 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு சொல்வது இது: எடுத்த முட்டையில் உருவான கருவை அதே மாதத்தில் கருப்பையில் வைக்கும்போது, ஹெச்.சி.ஜி. போட்ட பெண்ணுக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 31 சதவீதம் என்றால், அகோனிஸ்ட் மட்டும் போட்டவருக்கு அது 12 முதல் 24 சதவீதம். மறுபுறம், ஹெச்.சி.ஜி.யில் சினைப்பை வீக்க ஆபத்து 5 சதவீதம் என்றால், அகோனிஸ்ட்டில் அது 2 சதவீதத்தைத் தாண்டாது.

இதைப் பார்த்து, 'அகோனிஸ்ட் முட்டையைக் கெடுக்கிறது' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே மதிப்பாய்வில், முட்டை தானம் செய்தவர்களுக்கு அகோனிஸ்ட் போட்டபோது, அந்த முட்டையைப் பெற்றுக்கொண்ட பெண்களுக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு குறையவில்லை. அதாவது முட்டையில் பிரச்சினை இல்லை. எழுச்சி சீக்கிரம் அடங்குவதால், அந்த மாதம் கருப்பைக்குக் கிடைக்க வேண்டிய ஹார்மோன் ஆதரவு போதாமல் போகிறது. அதனால்தான் அகோனிஸ்ட் போட்டால் கருக்களை உறைய வைத்து, பின்னர் ஒரு மாதத்தில் கருப்பையில் வைக்கும் முறையைப் பல மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள்.

டூயல் ட்ரிகர் விஷயத்தில் ஆதாரம் இன்னும் கலவையாக இருக்கிறது. 2020-ல் 155 பெண்களிடம் நடத்திய ஒரு ஆய்வில், ஹெச்.சி.ஜி. மட்டும் போட்டவர்களைவிட இரண்டும் போட்டவர்களுக்கு முதிர்ந்த முட்டைகள் அதிகம் கிடைத்தன. குழந்தைப் பேறும் கூடுதலாக இருந்தது. இருந்தாலும், மருந்துக்குச் சராசரியாக முட்டை தரும் பெண்களுக்கு இதை வழக்கமாகப் போடுவதை, ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. 'எல்லாருக்கும் ரெண்டு ஊசி போட்டா நல்லது' என்று சொல்லும் அளவுக்கு நிலைமை இல்லை.

ஐ.யு.ஐ. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு?

இங்கே கதை வேறு. மாத்திரையோ ஊசியோ கொடுத்து ஒன்றிரண்டு முட்டைகளை வளர்த்து, விந்தணுவைச் சுத்தம் செய்து கருப்பைக்குள் செலுத்துவது ஐ.யு.ஐ. இதில் பெரும்பாலும் உடலின் சொந்த எழுச்சி தடுக்கப்படுவதில்லை. ட்ரிகர் போடாவிட்டாலும் பலருக்கு முட்டை தானாகவே வெளிவரும். நேரத்தைத் தீர்மானிக்கவே இங்கு ட்ரிகர் முக்கியமாக உதவுகிறது. ஊசி போட்ட 24 முதல் 40 மணி நேரத்துக்குள் ஐ.யு.ஐ. செய்யப்படுகிறது.

இது தொடர்பாக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் செய்த காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று உண்டு. முட்டை சரியாக வெளிவராத பெண்களுக்கு குளோமிஃபீன் மாத்திரையோடு ஹெச்.சி.ஜி. ட்ரிகரும் போட்டால் கூடுதல் பலன் உண்டா என்று தேடினார்கள். தகுதியான ஆய்வுகள் இரண்டே இரண்டுதான் கிடைத்தன. ட்ரிகர் போடச் சொல்லவோ, வேண்டாம் என்று சொல்லவோ போதிய ஆதாரம் இல்லை என்பதே முடிவு. இத்தனை பேருக்குப் போடப்படும் ஒரு ஊசிக்குப் பின்னால் இருக்கும் ஆதாரம் இவ்வளவுதான்.

ஆகவே, ஐ.யு.ஐ. நான்கு முறை பலன் தரவில்லை என்றால், ஐந்தாவது முறைக்கு எந்த ட்ரிகர் என்று யோசிப்பதற்கு முன் வேறு கேள்விகள் இருக்கின்றன. கருக்குழாய் திறந்திருக்கிறதா? கணவரின் விந்தணுப் பரிசோதனை கடைசியாக எப்போது செய்யப்பட்டது? ஐந்தாவது முறைதான் சரியான வழியா, அல்லது ஐ.வி.எஃப். பற்றிப் பேசும் நேரமா?

தோல்வி என்றாலே தவறு நடந்திருக்கிறதா?

பலரும் யோசிக்காத இடம் இது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு ஐ.யு.ஐ. முயற்சியில் கருத்தரிக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வயது, காரணம், மருந்து ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும் என்றாலும், நடைமுறைக்கு வெகு தூரமில்லாத எண்தான். அப்படியென்றால், எல்லாமே சரியாகச் செய்தும், நான்கு முறையும் பலன் கிடைக்காமல் போகக்கூடியவர்கள் 100 தம்பதியரில் சுமார் 65 பேர். ஐ.வி.எஃப்.பில் ஒரு முறை கரு வைத்தால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டால், மூன்று முறையும் கைகூடாதவர்கள் 100-ல் சுமார் 30 பேர்.

இந்த 65 பேரிடமும் 30 பேரிடமும் எந்தத் தவறும் இல்லை. ஊசியிலும் தவறு இல்லை. வாய்ப்புக் கணக்கு அப்படி.

இதன் மறுபக்கமும் முக்கியம். ஐந்தாவது முறை ஊசியை மாற்றுகிறார்கள், கரு தங்கிவிடுகிறது. உடனே, "ஊசியை மாத்துனாங்க, நின்னுடுச்சு" என்று அந்தக் கதை ஊர் முழுக்கப் பரவும். பழைய ஊசியே போட்டிருந்தாலும் அந்த மாதம் கரு தங்கியிருக்கலாம். புது ஊசி போட்டும் பலன் கிடைக்காதவர்கள் யூடியூபில் வீடியோ போடுவதில்லை.

அப்படியானால் யாருக்கு ட்ரிகரை மாற்ற வேண்டும்?

இங்கேதான் அந்தக் குறிப்புத்தாள் வருகிறது. ஒவ்வொரு ஐ.வி.எஃப். முயற்சியும் தோற்ற இடம் எது என்று அதில் பதிவாகியிருக்கும். அந்த இடத்தைப் பார்த்தால் ட்ரிகருக்குச் சம்பந்தம் உண்டா இல்லையா என்பது ஓரளவு தெளிவாகிவிடும்.

ஸ்கேனில் நிறைய ஃபாலிக்கிள் தெரிந்தது, எடுக்கப் போனபோது முட்டையே கிடைக்கவில்லை, அல்லது மிகக் குறைவாகக் கிடைத்தது என்றால், ட்ரிகர்தான் முதல் சந்தேகம். இதற்கு எம்ட்டி ஃபாலிக்கிள் சிண்ட்ரோம் என்று பெயர். ஊசி போட்ட நேரம், கலக்கிய முறை, அளவு, மருந்தை வைத்திருந்த விதம் ஆகியவற்றில் நடந்த பிசகு பல நேரங்களில் இதற்குக் காரணமாகிறது. ஹெச்.சி.ஜி. போட்ட பிறகு ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தால் மருந்து உடலுக்குள் போனதா என்பது தெரிந்துவிடும்.

முட்டை கிடைத்தது, ஆனால் பாதிக்கு மேல் முதிராமல் இருந்தது என்றால், அதுவும் ட்ரிகரைப் பற்றி யோசிக்க வேண்டிய நிலைதான். பொதுவாக எடுக்கும் முட்டைகளில் நான்கில் மூன்று பங்காவது முதிர்ந்திருக்கும். அதைவிட வெகுவாகக் குறைந்தால், ட்ரிகருக்கும் முட்டை எடுப்பதற்கும் இடையிலான நேரத்தைக் கூட்டுவது, டூயல் அல்லது டபுள் ட்ரிகருக்கு மாறுவது ஆகியவற்றை மருத்துவர் பரிசீலிக்கலாம். ஃபாலிக்கிள் போதுமான அளவு வளரும் முன்பே ட்ரிகர் போடப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அகோனிஸ்ட் மட்டும் போட்டு முட்டை குறைவாக வந்தவர்களுக்கு, அந்த ஊசி பிட்யூட்டரியை எழுப்பியதா என்பதே கேள்வி. ஊசி போட்ட சுமார் 12 மணி நேரத்தில் எல்.ஹெச். அளவு 15-க்குக் கீழே இருந்தால், எழுச்சி போதவில்லை என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அகோனிஸ்ட் மட்டும் போட்டு, கருவையும் அதே மாதத்தில் வைத்திருந்தாலும் ஊசி பற்றிய கேள்வி நியாயமானதுதான்.

முந்தைய முறை வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தவர்களுக்கும், பி.சி.ஓ.எஸ். காரணமாக ஏராளமான ஃபாலிக்கிள் வளரும் பெண்களுக்கும் ட்ரிகர் மாற்றம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஹெச்.சி.ஜி.யின் நீண்ட தூண்டுதலால் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்குகிறது. ரத்தம் கெட்டியாகிறது. கடுமையானால் நுரையீரலைச் சுற்றியும் நீர் சேரலாம், ரத்தம் உறையலாம். இவர்களுக்கு அகோனிஸ்ட் போட்டு, கருக்களை உறைய வைப்பது பாதுகாப்பான வழி. "ரெண்டையும் சேத்துப் போடுங்க" என்று இவர்கள் தாங்களாகக் கேட்பது ஆபத்தில் முடியலாம்.

சரி, யாருக்கு ட்ரிகர் மாற்றம் பெரிதாக உதவாது? போதிய முட்டை கிடைத்து, அவை முதிர்ந்திருந்து, கருவும் உருவாகி, ஐந்தாம் நாள் வரை நன்றாக வளர்ந்து, கருப்பையில் வைத்த பிறகு தங்கவில்லை என்றால், ட்ரிகர் தன் வேலையைச் செய்துவிட்டது. சிக்கலை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். கருவின் குரோமோசோம், கருப்பையின் உள்சுவர், நீர் கோத்த கருக்குழாய், தைராய்டு என்று பட்டியல் நீளும். வயதும் ஒரு முக்கியக் காரணம். 40 வயதைத் தாண்டியவர்களின் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் எண்ணிக்கை பிசகியே இருக்கும். எந்த ட்ரிகராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

வீட்டில் நடக்கும் பிசகுகள்

ட்ரிகர் ஊசி பெரும்பாலும் ராத்திரியில்தான் போடப்படும். திங்கள்கிழமை இரவு 10 மணிக்குப் போட்டால், புதன்கிழமை காலை 10 மணிக்கு 36 மணி நேரம் ஆகும். முட்டை எடுக்கும் நேரம் அதற்கேற்பக் குறிக்கப்படுகிறது. பக்கத்துத் தெரு நர்ஸ் வரத் தாமதமாகி 12 மணிக்குப் போட்டால், காலையில் எடுக்கும்போது முட்டைகள் முதிராமல் இருக்கலாம். "ஒரு ரெண்டு மணி நேரம்தானே" என்று மறைக்காமல், உடனே மையத்துக்கு போன் செய்து சொன்னால் நேரத்தை மாற்றிக்கொள்ள வழி உண்டு.

பொடியும் திரவமும் தனித்தனியாக வரும் மருந்தில், கலக்காமல் திரவத்தை மட்டும் போடுவது, இரண்டு குப்பி போட வேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்துவது, குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்தை வெயிலில் எடுத்துக்கொண்டு பயணிப்பது ஆகியவையும் நடக்கக்கூடியவைதான். முந்தைய முறை இப்படி ஏதும் நடந்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுவது நல்லது. ஊசியின் வகையை மாற்றுவதைவிட, அதே ஊசியைச் சரியாகப் போடுவதே அங்கே தீர்வாக இருக்கலாம்.

ட்ரிகருக்குப் பிறகு வயிறு வேகமாக உப்புவது, ஓரிரு நாளில் எடை கூடுவது, மூச்சுத் திணறல், விடாத வாந்தி, சிறுநீர் குறைவது, காலில் வலியும் வீக்கமும் ஆகியவை வந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பம் தரித்தவர்களுக்கு இது சில நாள் தள்ளி வந்து, இன்னும் கடுமையாகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021-ல் இயற்றப்பட்ட செயற்கை முறை கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், கருத்தரிப்பு மையங்களின் கடமைகளைப் பிரிவு 21-ல் பட்டியலிடுகிறது. சிகிச்சையின் சாதகம், பாதகம், செலவு, பக்கவிளைவு, வெற்றி வாய்ப்பு ஆகியவற்றைத் தம்பதியருக்குச் சொல்ல வேண்டும். புகார்களைக் கேட்க ஒரு பிரிவு இருக்க வேண்டும். செய்த சிகிச்சையின் விவரங்கள் அடங்கிய டிஸ்சார்ஜ் சான்றும் கொடுக்க வேண்டும்.

எனவே விவரம் கேட்பது டாக்டரைச் சந்தேகப்படுவது ஆகாது. சட்டம் கொடுத்த உரிமை அது. முந்தைய மையத்திலிருந்து அந்தத் தாளை வாங்காமல் புது மையத்துக்குப் போனால், புது டாக்டரும் இருட்டில்தான் கை விட வேண்டியிருக்கும். அவர் 'மாத்திப் பாக்கலாம்' என்று சொல்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்த முறைக்குச் சம்மதம் சொல்வதற்கு முன், தம்பதியர் சேர்ந்து உட்கார்ந்து இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்:

1. போன முறை எந்த ட்ரிகர், எவ்வளவு அளவு, எந்த நேரத்தில் போடப்பட்டது? முட்டை எடுத்தது எத்தனை மணி நேரம் கழித்து?

2. ட்ரிகர் அன்று ஸ்கேனில் எத்தனை ஃபாலிக்கிள் இருந்தது, என்னென்ன அளவில்?

3. எத்தனை முட்டை கிடைத்தது? அதில் முதிர்ந்தவை எத்தனை?

4. எத்தனை கரு உருவானது? ஐந்தாம் நாள் வரை வந்தவை எத்தனை?

5. இந்த எண்களில் எதைப் பார்த்து ட்ரிகரை மாற்றச் சொல்கிறீர்கள்?

6. எனக்குச் சினைப்பை வீக்க ஆபத்து எவ்வளவு? கருவை அதே மாதம் வைப்பதா, உறைய வைப்பதா?

7. ட்ரிகரை மாற்றாமல் இருந்தால் என்ன ஆகும்?

ஐந்தாவது கேள்விதான் முக்கியமானது. "போன தடவை 12 முட்டை எடுத்தோம், 4 தான் முதிர்ந்திருந்தது, அதனால மாத்துறோம்" என்பது காரணம். "போன தடவை நிக்கல, அதனால மாத்துறோம்" என்பது காரணம் ஆகாது.

மொத்த ஐ.வி.எஃப். செலவோடு ஒப்பிட்டால் ட்ரிகர் ஊசியின் விலை சிறியது. ஆனால், அதன் பெயரில் தொடங்கும் இன்னொரு முயற்சியின் விலை சிறியதல்ல. அதில் பணம் போகிறது, ஒரு பெண்ணின் உடல் மறுபடி ஊசிகளைத் தாங்குகிறது, வயது அதிகமானவர்களுக்கு மாதங்களும் கரைகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கையின்படி, வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவருக்குக் குழந்தையின்மை அனுபவம் நேர்கிறது. இவ்வளவு பேர் போய் நிற்கும் வாசலில், காரணம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்ற நிலை இருக்கக் கூடாது.

மையங்கள் இதில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு முயற்சி முடிந்ததும், அது பலித்தாலும் பலிக்காவிட்டாலும், மேலே சொன்ன எண்களை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, கேட்காமலேயே கையில் கொடுத்துவிடலாம். தம்பதியர் செய்ய வேண்டியதும் ஒன்றுதான்: அந்தத் தாள் கைக்கு வராமல் அடுத்த ஊசிக்குத் தேதி குறிக்காமல் இருப்பது.